ரோம் நகரைத் தனியாகச் சுற்றிப் பார்த்தால் சலித்துவிடாதா?

பேச்சுத்துணை இல்லாமல் ரோம் போன்ற ஊரில் நாள் முழுக்க என்ன செய்வது, ஒரு பெண் தனியாகப் போவது சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். நானும் தனியாகத்தான் போனேன். ரோமை முதன்முதலில் பார்ப்பவர்கள் தனியாகப் பார்ப்பதே நல்லது என்பேன். அங்கே பார்க்க வேண்டியவை பலவும் நின்று நிதானமாகப் பார்த்தால்தான் பிடிபடும். நாலு பேராகப் போனால் ஒருவருக்குப் பசிக்கும், ஒருவருக்குக் கால் வலிக்கும். எப்படியும் கிளம்பித்தான் ஆக வேண்டும்.

நவோனா சதுக்கத்துக்கும் பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலுக்கும் நடுவில் சான் லூயிஜி தேய் பிரான்சேஸி என்ற தேவாலயம் இருக்கிறது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. இடப்பக்கக் கடைசிச் சிற்றாலயத்தில் கரவாஜ்ஜோ என்ற ஓவியர் 1600ஐ ஒட்டி வரைந்த ஓவியங்கள் மூன்று இருக்கின்றன, மூன்றும் வரிவசூலிப்பவராக இருந்து இயேசுவின் சீடரான மத்தேயுவைப் பற்றியவை. பெட்டியில் காசு போட்டால் விளக்கு எரியும், சிறிது நேரத்தில் தானாக அணைந்துவிடும். விளக்கு அணைந்ததும் குழுக்கள் நகர்ந்துவிடுகின்றன. நீங்கள் நகராதீர்கள். மத்தேயுவை இயேசு அழைக்கும் ஓவியத்தில் வெளிச்சம் வலது பக்கம் மேலிருந்து சாய்ந்து விழுகிறது. பலிபீடத்துக்கு மேலே உள்ள நிஜமான சன்னலும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தச் சன்னல் வெளிச்சமே ஓவியத்துக்குள் நுழைந்து, வரிவசூல் மேசையில் உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தில் படுவதுபோல் வரைந்திருக்கிறார். விளக்கு அணைந்த அரையிருட்டில் கண் பழகியபோதுதான் எனக்கு இது தெரிந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது. யாராவது கூட இருந்திருந்தால் அவ்வளவு நேரம் நின்றிருக்க மாட்டேன்.

கொலோசியத்திலிருந்து சில நிமிட நடையில் சான் கிளெமெந்தே இருக்கிறது. கொலோசியத்தைவிட எனக்கு இதுதான் பிடித்தது. தெருமட்டத்தில் இருப்பது 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், அதற்குக் கட்டணம் கிடையாது. சீட்டு வாங்கிக்கொண்டு படியிறங்கினால் அடியில் 4ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். அதற்கும் கீழே போனால் ரோமானியர் காலத்துக் கட்டடங்கள், ஒரு குறுகிய சந்து, மித்ரா என்ற தெய்வத்தின் வழிபாட்டுக் கூடம், நடுவில் காளையை வெட்டும் சிற்பம் செதுக்கிய பலிபீடம். இந்தத் தேவாலயம் அயர்லாந்து தொமினிக்கன் துறவிகளின் பொறுப்பில் இருக்கிறது. அவர்களில் ஒருவர் 1857இல் தோண்ட ஆரம்பித்ததால்தான் இதெல்லாம் வெளியே தெரிந்தது. கீழ்த்தளத்தில் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தால் நிலத்தடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். பழைய வீட்டுச் சுவரில் கை வைத்தபடி அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பாந்தியன் பேரரசர் ஹாட்ரியன் காலத்துக் கட்டடம். முகப்பில் இருப்பதோ அவருக்கு முன் அதே இடத்தில் கோயில் எழுப்பிய அக்ரிப்பாவின் பெயர். உள்ளே குவிமாடத்தின் அகலமும் தரையிலிருந்து உச்சிவரை உயரமும் ஒன்றே, சுமார் 43 மீட்டர். உச்சியில் திறந்த வட்டம், அதற்கு மூடி இல்லை. மழை பெய்தால் நேரே உள்ளே விழும். தரையை லேசாகச் சரித்து, நீர் வடியத் துளைகளும் விட்டிருக்கிறார்கள். மழை வந்தால் எல்லாரும் ஒதுங்க இடம் தேடி ஓடுவார்கள், நீங்கள் பாந்தியனுக்குப் போங்கள். 2023 முதல் கட்டணம் வாங்குகிறார்கள், கொடுத்த காசு வீண்போகாது.

பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ரோமன் ஃபோரத்தில் மாக்சென்தியஸ் மண்டபத்தின் பிரமாண்ட வளைவுகள் மூன்று இன்னும் நிற்கின்றன. எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள், நீங்கள் தரையையும் பாருங்கள். 4ஆம் நூற்றாண்டில் அந்த மண்டபம் எழும் முன், பேரரசர் தொமிஷியன் காலத்து மிளகுக் கிடங்குகள் அங்கே இருந்தன. முசிறித் துறைமுகத்தில் யவனர் பொன்னைக் கொடுத்து மிளகு ஏற்றிப்போனதைச் சங்கப் பாடலில் படித்தவர்களுக்கு அந்த இடத்தைச் சட்டென்று கடக்க மனம் வராது.

இனி நடைமுறை. கொலோசியத்துக்கு நேரம் குறித்த சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். அதே சீட்டில் ஃபோரமும் பாலடைன் குன்றும் பார்க்கலாம். தேவாலயங்கள் பலவும் நண்பகலில் மூடி மூன்று, நான்கு மணிக்குத்தான் திறக்கும், காலையிலேயே போய்விடுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், ஒரு துப்பட்டா போதும். தெருவெல்லாம் சின்னச் சின்னக் கருங்கல் பாவியது, நல்ல ஷூ அவசியம். தண்ணீர் பாட்டில் வாங்கத் தேவையில்லை. 1874 முதல் இருக்கும் ‘நசோனே’ என்ற வார்ப்பிரும்புக் குழாய்கள் ஊர் முழுக்க ஓயாமல் ஓடுகின்றன. குழாய் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளையிலிருந்து பீறிட்டு வரும், குனியாமல் குடிக்கலாம்.

தனியாகச் சாப்பிடக் கூச்சமாக இருந்தால் வெட்டி எடைபோட்டு விற்கும் பீட்சா கடைகள் இருக்கின்றன. எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் போதும். காப்பியைப் பாரில் (அங்கே காப்பிக்கடைக்கு அதுதான் பெயர்) நின்றபடி குடித்தால் விலை குறைவு, அங்கே பாதிப் பேர் தனியாகத்தான் நிற்பார்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, அங்கே கவலைப்பட வேண்டியது பிக்பாக்கெட்டை நினைத்துத்தான். தெர்மினி ரயில் நிலையத்திலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64ஆம் எண் பேருந்திலும் மெட்ரோவிலும் பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள், கைப்பேசியைப் பின்பாக்கெட்டில் வைக்காதீர்கள். தங்குவதற்கு மொந்தி பகுதியில் அறை பாருங்கள். ஃபோரம், கொலோசியம், சான் கிளெமெந்தே எல்லாம் நடை தூரம். ராத்திரியிலும் தெருவில் குடும்பங்கள் நடமாடும். நான் சாப்பிட்டுவிட்டுத் தனியாகவே நடந்து அறைக்குத் திரும்புவேன், ஒரு நாளும் பயமாக இருந்ததில்லை.