மொன்றியலுக்குக் குடிபெயர்கிறோம், மகளை ஆங்கிலப் பாடசாலையில் சேர்க்க முடியுமா?

கேள்வி: நானும் கணவரும் யாழ்ப்பாணத்தில் தமிழில் படித்தவர்கள், இப்போது கனேடியக் குடியுரிமை பெற்று ஸ்காபரோவில் வசிக்கிறோம். கணவருக்கு மொன்றியலில் வேலை கிடைத்திருக்கிறது. மகள் 1ஆம் வகுப்பிலிருந்து இங்கே ஆங்கிலத்தில் படித்து, இந்த ஜூனில் 9ஆம் வகுப்பை முடிக்கிறாள். மகன் செப்டெம்பரில் 1ஆம் வகுப்புக்குப் போகிறான். பெற்றோர் கனடாவில் ஆங்கிலத்தில் படிக்காததால் பிள்ளைகளுக்கு அங்கே பிரெஞ்சுப் பாடசாலைதான் என்கிறார் ஓர் ஆலோசகர். ஒரு வருடம் தனியார் ஆங்கிலப் பாடசாலையில் விட்டால் சான்றிதழ் எடுத்துத் தருவதாகச் சொல்லி 2,500 டொலர் கேட்கிறார். கொடுக்கலாமா? கியூபெக்கில் 12ஆம் வகுப்பே இல்லையாமே, மகளின் பல்கலைக்கழகப் படிப்பு என்னாகும்?

பதில்: ஒரு டொலர்கூடக் கொடுக்காதீர்கள். அவர் உங்களுக்குச் சட்டத்தின் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார்.

1977இல் வந்த பிரெஞ்சு மொழிச் சாசனத்தின்படி கியூபெக்கின் அரசுப் பாடசாலைகளிலும் மானியம் பெறும் தனியார் பாடசாலைகளிலும் பிள்ளைகள் பிரெஞ்சில்தான் படிக்க வேண்டும். ஆங்கிலத்தில் படிக்கத் தகுதிச் சான்றிதழ் தேவை. அதைப் பெற, கனேடியக் குடிமகனான தாயோ தந்தையோ கனடாவில் ஆங்கிலத்தில் ஆரம்பக் கல்வி கற்றிருப்பது ஒரு வழி. ஆலோசகர் அதோடு நிறுத்திக்கொண்டார். தாய் தந்தையரில் ஒருவர் கனேடியக் குடிமகனாக இருந்து, பிள்ளையே கனடாவில் தன் படிப்பின் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் கற்றிருந்தாலும் போதும் என்பது மற்ற வழி. உங்கள் மகள் அப்படித்தான் படித்திருக்கிறாள். அந்தப் பிள்ளையின் உடன்பிறந்தவர்களுக்கும் அதே உரிமை உண்டு. பாலர் வகுப்பு மட்டும் முடித்த உங்கள் மகனுக்குத் தனியாக எந்தத் தகுதியும் இல்லை. அக்காவின் படிப்பை வைத்து அவனுக்கும் கிடைக்கும். நீங்கள் யாழ்ப்பாணத்தில் எந்த மொழியில் படித்தீர்கள் என்பது இங்கே கேள்வியே இல்லை.

விண்ணப்பத்தை நீங்கள் வசிக்கப்போகும் பகுதிக்குரிய ஆங்கிலக் கல்விச் சபையிடம் கொடுங்கள். அவர்களே கல்வி அமைச்சுக்கு அனுப்புவார்கள். இடையில் ஒருவர் தேவையில்லை. வழக்கமாகச் சிக்குவது காகிதத்தில்தான். ஒன்ராறியோவின் சிறிய பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருக்காது; பெயர் உள்ள நீண்ட சான்றிதழை இப்போதே வரவழையுங்கள். உங்களில் ஒருவரின் குடியுரிமைச் சான்று வேண்டும். நிரந்தர வதிவிட அட்டை செல்லாது. மகள் எந்தெந்த ஆண்டு, எந்த வகுப்பில், எந்த மொழியில் படித்தாள் என்று பாடசாலை எழுதித் தரும் கடிதமும் வேண்டும். ஜூலையில் பாடசாலை அலுவலகத்தில் ஆள் இருக்க மாட்டார்கள். ஜூன் முடிவதற்குள் அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிவிடுங்கள்.

இனி அந்த 'ஒரு வருடம் தனியார் பாடசாலை' கதைக்கு வருகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் பணத்தை இழப்பது இங்கேதான். மானியம் பெறாத தனியார் ஆங்கிலப் பாடசாலைக்குச் சான்றிதழ் தேவையில்லை. ஒரு காலத்தில் அங்கே ஒரு வருடம் படித்த பிள்ளை அதைக் காட்டி அரசு ஆங்கிலப் பாடசாலைக்கு மாற முடிந்தது. 2002இல் மாகாண அரசு அந்த வாசலை அடைத்தது. 2009இல் நுயென் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படி முழுதாக அடைத்தது செல்லாது என்றது. உடனே 2010இல் புள்ளி முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதன்படி குறைந்தது மூன்று ஆண்டுகள் அத்தகைய பாடசாலையில் படித்த பிறகுதான் விண்ணப்பத்தைப் பார்க்கவே செய்வார்கள். பாடசாலையின் வகை, குடும்பத்தின் நிலை என்று எடைபோட்டு 15 புள்ளிகள் சேர்ந்தால்தான் அனுமதி. பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது இங்கேயும் உண்டு. ஆகவே, 'ஒரு வருடத்தில் எடுத்துத் தருகிறேன்' என்று இன்றைக்கும் ஒருவர் சொன்னால், அவர் 2002க்கு முந்திய கதையை விற்கிறார். உங்களிடம் அதை விற்க முனைந்ததுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது, ஏனென்றால் உங்களுக்கு அந்த வழியே தேவையில்லை. புதிதாக வரும் குடும்பத்துக்கு விளங்கும் மொழியில் இந்த விதிகளை ஒரே பக்கத்தில் எழுதி வைத்தால் இந்தத் தரகர்களின் பிழைப்பில் பாதி படுத்துவிடும். அதைச் செய்ய இந்த மாகாணத்துக்கு ஏன் இத்தனை தயக்கம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

12ஆம் வகுப்பு இல்லையென்று கலங்க வேண்டாம். கியூபெக்கில் ஆரம்பப் பாடசாலை 6 ஆண்டு, உயர்நிலை 5 ஆண்டு. அதன்பின் 1967இல் தொடங்கிய சீஜெப் கல்லூரியில் 2 ஆண்டு, பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் 3 ஆண்டு. கூட்டினால் 16. ஒன்ராறியோவில் 12உம் 4உம் சேர்ந்தாலும் 16தான். அரசு சீஜெப்பில் கியூபெக் வாசிகளுக்குக் கல்விக் கட்டணம் இல்லை, சிறு பதிவுக் கட்டணங்கள் மட்டுமே. பல்கலைக்கழகம் பார்ப்பது, சக மாணவர்களோடு ஒப்பிட்டு சீஜெப்பில் கணக்கிடும் ஆர் ஸ்கோர் என்ற மதிப்பெண்ணை. சீஜெப் பார்ப்பது உயர்நிலையின் 4ஆம், 5ஆம் ஆண்டு மதிப்பெண்களை. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் 5ஆம் ஆண்டின் மார்ச் 1. 2022இன் மொழிச் சட்டத்துக்குப் பிறகு ஆங்கில சீஜெப்களில் இடம் கட்டுப்படுத்தப்பட்டு, தகுதிச் சான்றிதழ் உள்ளவர்களுக்கு முன்னுரிமை தரப்படுகிறது. சான்றிதழை இப்போதே எடுக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

மகளுக்கு உண்மையான இடர் பிரெஞ்சுப் பாடம். ஆங்கிலப் பாடசாலையில் படித்தாலும் 5ஆம் ஆண்டுக்குரிய இரண்டாம் மொழிப் பிரெஞ்சில் தேறாமல் உயர்நிலை டிப்ளோமா கிடையாது. ஒன்ராறியோவில் 9ஆம் வகுப்போடு பிரெஞ்சைக் கைவிடலாம் என்பதால் நம் பிள்ளைகள் அதை ஒரு கடமைக்குப் படித்துவிட்டு வருகிறார்கள். உங்கள் மகள் நேரே உயர்நிலையின் 4ஆம் ஆண்டில் போய் உட்காருவாள். பாடசாலையை முடிக்க அவளுக்கு இரண்டே ஆண்டுகள் இருக்கும். 4ஆம் ஆண்டு முடிவில் கியூபெக், கனடா வரலாற்றில் அமைச்சின் தேர்வும் உண்டு. அதன் முற்பகுதியை மற்றப் பிள்ளைகள் 3ஆம் ஆண்டிலேயே படித்திருப்பார்கள். அந்த ஆலோசகருக்கு எடுத்து வைத்த 2,500 டொலரை இந்தக் கோடையிலேயே ஒரு நல்ல பிரெஞ்சு ஆசிரியருக்குக் கொடுங்கள். பதிவுசெய்யும் நாளிலேயே, பிரெஞ்சில் அவளை எந்த நிலையில் அமர்த்துவார்கள், கூடுதல் வகுப்பு உண்டா என்று பாடசாலையிடம் கேளுங்கள்.

மகனுக்கு வயது இருக்கிறது. அவனைப் பிரெஞ்சுப் பாடசாலையில் சேர்க்க நீங்கள் விரும்பினால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் அப்போதும் அவன் பெயரில் தகுதிச் சான்றிதழை எடுத்து வையுங்கள். அது இருந்தால், பிரெஞ்சில் படித்தாலும் அவன் ஆங்கிலத்தில் படித்ததாகவே சட்டம் கொள்ளும். நாளை அவனுடைய பிள்ளைகளுக்கும் அந்த உரிமை கைவிட்டுப் போகாது.