பூச்செடிகள் நிறைய வைத்தும் பட்டாம்பூச்சியும் குருவியும் வரவில்லையே, நாட்டுச் செடி வைத்தால் வருமா?

வரும். ஆனால் பூவை மட்டும் பார்த்துச் செடி வாங்குவதை நிறுத்த வேண்டும். உங்களிடம் இருப்பவை அநேகமாக அடுக்குச் செம்பருத்தி, அடுக்கு நந்தியாவட்டை, போகன்வில்லா. அடுக்குப் பூக்களில் மகரந்தத்தாள்களே இதழ்களாகிவிடுவதால் தேனீக்கு மிஞ்சுவது சொற்பம். "அப்போ செம்பருத்தியைப் பிடுங்கிப் போடணுமா?" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். வேண்டாம், ஒற்றைச் செம்பருத்திக்குத் தேன்சிட்டு வரும்.

பூவைவிட இலைதான் முக்கியம். தேன் குடிக்க எந்தப் பூவுக்கும் போகிற பட்டாம்பூச்சி, முட்டையிடச் சில செடிகளை மட்டுமே தேடும். மற்ற இலைகளைப் புழு தின்னாது. எருக்கில் கறுப்பு ஓரமுள்ள ஆரஞ்சுப் பட்டாம்பூச்சி. கறிவேப்பிலை, எலுமிச்சையில் மஞ்சள் புள்ளியுள்ள கறுப்பு. ஆவாரை, சரக்கொன்றையில் வெளிர்மஞ்சள். வகைக்கு இரண்டு மூன்று செடிகளைச் சேர்த்து நடுங்கள். ஒற்றைச் செடியைப் புழுக்கள் மொட்டையாக்கிவிட்டுப் பட்டினி கிடக்கும். எருக்கம்பால் கண்ணுக்கு ஆபத்து, அதனால் குழந்தைகள் கைபடாத மூலையில் வையுங்கள்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒட்டியிருப்பது பெரும்பாலும் இளம்புழு. அதைப் பார்த்ததும் வேப்பெண்ணெய் அடிப்பவர்கள்தான் அதிகம். "இயற்கை மருந்துதானே" என்பார்கள். அது புழுவைத் தோலுரிக்க விடாமல் கொல்லும். தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்கு ஊட்டுவது பூச்சியும் புழுவும்தான். புழுவைக் கொன்றுவிட்டுக் குருவியைக் கூப்பிட முடியாது. சமையலுக்கு ஒரு கறிவேப்பிலை, புழுவுக்கு ஒன்று என்று பிரித்துவிடுங்கள். புதிதாக வாங்கும் செடிக்கு ஊடுருவும் பூச்சிமருந்து போட்டிருக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள். அது செடியின் சாற்றில் கலந்து தேனிலும் மகரந்தத்திலும் வரும், கழுவினாலும் போகாது.

தண்ணீருக்கு 3 செ.மீ. ஆழத் தட்டு போதும். நடுவில் கூழாங்கல் போடுங்கள், இல்லையென்றால் தேனீ மூழ்கிவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால் கொசு வளராது. வெயில் படும் இடத்தில் இரண்டடி மண்ணைச் சிமென்ட் பூசாமல் வெறுமையாக விடுங்கள். கூட்டமாக வாழாத தேனீக்களில் பெரும்பாலானவை மண்ணைத் துளைத்துத்தான் கூடு கட்டும். ஒட்டடை எல்லாவற்றையும் அடித்துவிடாதீர்கள், தேன்சிட்டு சிலந்தி நூலை வைத்துத்தான் கூட்டைப் பின்னுகிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை: மழை முடிந்து புல் கதிர்விடும் நேரம் பார்த்துக் காலி மனைகளை மழித்தெடுக்கிறார்களே, விதைக்காகக் காத்திருக்கும் தினைக்குருவிகள் எங்கே போகும்? கதிர் உதிர்ந்த பிறகு வெட்டினால் என்ன குறைந்துவிடும்?