தேரி மணலும் வண்டிச் செயினும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். எனக்கு ஊர் திசையன்விளை பக்கம். இரண்டு வருடத்துக்கு முன் ஆஃப்ரோடு பைக் ஒன்று வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நண்பர்களோடு சிவந்த மேட்டுநிலமான குட்டம் தேரி, இடையன்குடி, உவரிக் கடற்கரை என்று சுற்றுவோம். வண்டிக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. வாரம் தவறாமல் செயினுக்கு எண்ணெய் விடுகிறேன். பெரும்பாலும் ஒர்க்‌ஷாப்பில் பிடித்து வைத்திருக்கும் வேஸ்ட் ஆயில், சில சமயம் கடையில் வாங்கிய ஸ்பிரே. அப்படியும் 9,000 கிலோமீட்டரிலேயே செயின் தொங்கிவிட்டது. செயின் மாட்டியிருக்கும் பின்பக்கப் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் பல்லெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூராகிவிட்டது. கம்பெனிச் செயினே மட்டம் என்கிறார் மெக்கானிக். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் அதே வண்டியில் தினமும் பாளையங்கோட்டை போய்வருகிறார். எண்ணெய் பக்கமே போகமாட்டார், 20,000 தாண்டியும் அவர் செயின் நன்றாக இருக்கிறது. எந்த எண்ணெய் விட்டால் என் செயின் நிற்கும்?

ஒரு வாசகன், திசையன்விளை

அன்புள்ள தம்பி,

உங்கள் செயின் மட்டமான செயின் இல்லை. அக்கறையிலும் குறை இல்லை. கழுவாத செயினுக்கு வாராவாரம் எண்ணெய் விட்டதுதான் கோளாறு. பாளையங்கோட்டை போய்வருகிறவர் தார் ரோட்டில் போய்வருகிறார், அவர் செயினில் ஏறுவது வெறும் தூசி. அவரும் கொஞ்சம் எண்ணெய் விட்டால் அது இன்னும் நெடுநாள் உழைக்கும். உங்கள் செயினில் ஏறுவது தேரி மணல். அந்தக் கணக்கே வேறு.

தேரியைச் செம்மண் என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது மணல். குவார்ட்ஸ் பரல்களின் மேல் ஹேமடைட் என்கிற இரும்பு ஆக்சைடு மெல்லிசாகப் படிந்திருப்பதால் அந்தச் சிவப்பு. ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறங்கி, பணகுடி காற்றாலைகளைச் சுற்றிவிடுகிற காற்று இருக்கிறதே, அதுதான் இந்த மணலையும் அள்ளிக்கொண்டு வரும். கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கிற மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7. சாதாரணப் பேனாக்கத்தியின் இரும்பு ஐந்தரை, ஆறுதான். உவரிப் பக்கம் கரையில் இளஞ்சிவப்பாக வரிவரியாகக் கிடப்பது கார்னெட். அதுவும் கிட்டத்தட்ட 7 தான். உப்புத்தாள் செய்ய அதைப் பயன்படுத்துகிறார்கள். அதில் எண்ணெயைக் குழைத்துத்தான் வாராவாரம் உங்கள் செயினுக்குத் தடவியிருக்கிறீர்கள்.

எனக்கும் இது ஒரு செயின் போன பிறகுதான் தெரிந்தது. நானும் உங்களைப் போலவே பளபளவென்று எண்ணெய் சொட்ட வைத்திருந்தவன். செயினைக் கழற்றி ஒரு அலுமினியத் தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டேன். மறுநாள் காலையில் அந்த மண்ணெண்ணெயைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டினேன். துணியில் சிவப்பு மணல் ஒரு கைப்பிடி நின்றது. அது எதிர்பார்த்ததுதான். அதன் மேல் கறுப்பாக, கண்மை மாதிரி ஒரு விழுது படிந்திருந்தது. விரலால் தொட்டால் வழுவழுவென்று இருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்கினால் நறநறத்தது. அதைக் கொஞ்சம் எடுத்து ஒரு எவர்சில்வர் கரண்டியின் முதுகில் வைத்துத் தேய்த்தேன். நாலு தேய்ப்பில் பளபளப்புப் போய்ச் சாம்பல் நிறம் வந்துவிட்டது. அத்தனை மாதமும் அந்த விழுதுதான் என் செயினுக்குள் இருந்திருக்கிறது.

எங்கள் தாத்தா மாட்டு வண்டி வைத்திருந்தார். அச்சுக்கு மை போடும்போது கடையாணியைக் கழற்றி, சக்கரத்தை வெளியே இழுத்து, பழைய மையைத் துணியால் சுத்தமாக வழித்து எடுப்பார். அப்புறம்தான் விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்த புது மையைத் தடவுவார். பழையதின் மேல் புதுசைப் பூச ஒரு நாளும் விடமாட்டார். அதைப் பக்கத்தில் நின்று பார்த்து வளர்ந்தவன் நான். வண்டிச் செயின் விஷயத்தில் அது எனக்கு உறைக்கவில்லை.

சரி, செயின் எப்படித் தேய்கிறது என்பதைப் பார்ப்போம். இப்போது நாம் ஓட்டுகிற ரோலர் செயின், 1880-ல் ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் காப்புரிமை வாங்கிய அமைப்புதான், பெரிதாக மாறவில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஆணி மாதிரி ஒரு ‘பின்’, அதைச் சுற்றிக் குழல் மாதிரி ஒரு புஷ், அதன் மேல் உருளும் ரோலர். செயின் ‘நீளுகிறது’ என்கிறோமே, தகடு எதுவும் இழுபடுவதில்லை. பின்னும் புஷ்ஷும் உள்ளுக்குள் ஒன்றையொன்று தேய்க்கின்றன. ஒரு கண்ணிக்கு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால் போதும், 120 கண்ணிக்கு 12 மில்லிமீட்டர் நீளம் கூடிவிடும். கண்ணியின் அளவு கூடினதும் அது ஸ்பிராக்கெட் பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறி உட்காரும். உங்கள் பல் சாய்ந்து கூரானது அப்படித்தான்.

இந்த உள்தேய்மானத்தைக் குறைக்கத்தான் சீல் செயின் வந்தது. உள்தகட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே பொடிப்பொடி ரப்பர் வளையங்கள் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தெரிந்தால் அது ஓ-ரிங் செயின், அல்லது அதன் தம்பியான எக்ஸ்-ரிங். பின்னுக்கும் புஷ்ஷுக்கும் வேண்டிய கிரீஸைத் தொழிற்சாலையிலேயே உள்ளே வைத்து அந்த வளையத்தால் அடைத்துவிடுகிறார்கள். வெளியே நாம் விடும் எண்ணெய் அங்கே போகாது, போகவும் வேண்டாம். ரோலர் உருளவும், துரு ஏறாமல் இருக்கவும், ரப்பர் காயாமல் இருக்கவும்தான் வெளி எண்ணெய். அதற்கு மெல்லிய பூச்சு போதும். வளையம் இல்லாத சாதாரணச் செயின் என்றால் எண்ணெய் பின் வரைக்கும் இறங்கியாக வேண்டும், ஆகவே அடிக்கடி விட வேண்டும், அதைவிட அடிக்கடி கழுவ வேண்டும். தேரியில் ஓட்டுகிறவர் கூடுதல் பணம் கொடுத்தாவது சீல் செயின் போடுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

எந்த எண்ணெய் என்று கேட்டீர்கள். 90 கிரேடு கியர் ஆயில். வேஸ்ட் ஆயிலை இன்றோடு விட்டுவிடுங்கள். எஞ்சினுக்குள் எரிந்த கரியும் அமிலமும் இரும்புத் துகளும் கலந்துதான் அது வெளியே வருகிறது. தேரி மண்ணில் சொட்டுவதும் நல்லதில்லை, பனங்காட்டுக்குள் ஓட்டுகிறோம். பிசுபிசுவென்று ஒட்டுகிற ஸ்பிரே தார் ரோட்டுக்குச் சரி, மணலில் அது பசை மாதிரி மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காய்ந்ததும் மெழுகு மாதிரி நிற்கிற வகை ஸ்பிரேயும் இருக்கிறது, மணலுக்கு அதைப் பயன்படுத்தலாம்.

தேரியை விட்டு வந்த அன்றைக்கே செயினைக் கழுவுங்கள். மண்ணெண்ணெயும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை என்றால் சீல் செயினுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும் கிளீனர் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்ரோல் கூடாது, ரப்பர் வளையம் கெட்டுவிடும். கம்பி பிரஷ் அதைக் கிழித்துவிடும். வாட்டர் வாஷில் தண்ணீர் பீய்ச்சுகிற கன்னைச் செயினுக்கு நேரே பிடித்தால் வளையத்தைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகும். கழுவித் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு, பின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே செயினின் கீழ் ஓட்டத்தில் உள்பக்கமாக எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஓடும்போது அது தானாக வெளிப்பக்கம் வரும். ராத்திரி முழுக்க அப்படியே விட்டு, காலையில் துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். துடைத்த செயினைத் தொட்டால் விரலில் பிசுக்கு இருக்கக் கூடாது. மனசு கேட்காது, எனக்கும் கேட்கவில்லை. இருந்தாலும் துடையுங்கள்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, கியர் போட்டு, ஓடுகிற செயினில் துணியைப் பிடிக்கிற பழக்கம் நம் பக்கத்தில் நிறையப் பேருக்கு இருக்கிறது. துணியைச் செயின் இழுத்தால் விரலும் கூடவே ஸ்பிராக்கெட்டுக்குள் போகும். கையை எடுக்க நேரம் இருக்காது. எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்ட பிறகு செயினைத் தொடுங்கள்.

உவரிக்குப் போய் வந்தால் உப்புக் காற்றே போதும், துரு பிடித்துவிடும். சக்கரம் அலையில் நனைந்திருந்தால் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, அன்றைக்கு ராத்திரியே எண்ணெய் விட்டாக வேண்டும்.

தொய்வு எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி மாறும். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ உள்ள கணக்குதான் கணக்கு. ஆஃப்ரோடு வண்டியில் சஸ்பென்ஷன் அதிகம் ஏறி இறங்கும், அதனால் சாதாரண வண்டியைவிடத் தொய்வு கூடத்தான் வைத்திருப்பார்கள். தொங்குகிறதே என்று இறுக்கிவிடாதீர்கள். முன் ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்ம் போல்ட், பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போதுதான் செயின் மிகவும் இறுகும். பள்ளத்தில் விழும்போது அந்த நிலை வரும். அப்போது தொய்வு மிச்சம் இல்லை என்றால் கியர் பாக்ஸ் பேரிங் அடி வாங்கும். சக்கரத்தைச் சுற்றி, எங்கே விறைப்பு அதிகமோ அந்த இடத்தில் வைத்து அளக்க வேண்டும்.

இனி மெக்கானிக் சொல்வதை நம்புவதா வேண்டாமா என்று குழம்ப வேண்டாம், ஒரு இரும்பு ஸ்கேல் போதும். 428 அளவுச் செயினில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரை அரை அங்குலம். 20 இடைவெளி, அதாவது 21 பின், சரியாக 10 அங்குலம், 254 மில்லிமீட்டர். 520 அளவுச் செயின் என்றால் அந்த இடைவெளி 15.875 மில்லிமீட்டர், 16 இடைவெளிக்கு அதே 254. செயினை விறைப்பாக இழுத்துப் பிடித்து அளந்து பாருங்கள். 256.5 வந்தால் நூற்றுக்கு ஒன்று தேய்ந்திருக்கிறது, அடுத்த செட்டுக்குப் பணம் எடுத்து வையுங்கள். 259 வந்தால் அதில் இனி தேரிக்குள் இறங்க வேண்டாம்.

இப்போது மாற்றும்போது செயினோடு முன், பின் ஸ்பிராக்கெட் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். சாய்ந்த பல் புதுச் செயினைச் சீக்கிரமே தின்றுவிடும். இரண்டு முனையையும் கிளிப் லாக் போட்டு இணைத்த செயின் என்றால் லாக்கின் மூடிய முனை செயின் ஓடுகிற திசையைப் பார்த்து இருக்கட்டும். மாட்டிய அன்றைக்கே அளவை எடுத்து, கிலோமீட்டரோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆடிக் காற்று ஓய்ந்ததும் திரும்ப அளந்து, இரண்டு அளவையும் எனக்கு எழுதுங்கள் தம்பி.

அன்புடன்,
அண்ணாச்சி