மே சரியாங்கிலிருந்து சியாங் மாய்க்கு: கரேன் பெண்களின் கல்லூரிப் படிப்பு பற்றிய கேள்வி பதில்

வடதாய்லாந்தில், மே ஹொங் சோன் மாகாணத்தின் தென்பகுதியில் இருக்கும் மே சரியாங், சோப் மோய் வட்டங்களில் கரேன் என்னும் மலைவாழ் மக்களின் கிராமங்களிலிருந்து கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு உதவித்தொகை கொடுத்து, படிப்பு முடியும்வரை துணைநிற்கும் ஒரு சிறு குழுவில் நான் பதினொரு ஆண்டுகளாக இருக்கிறேன். விண்ணப்பங்களைப் படிப்பது, வீடுகளுக்குச் சென்று பெற்றோரிடம் பேசுவது, முதலாண்டு மாணவியருக்கு வழிகாட்டியாக இருப்பது ஆகியவை என் பொறுப்பு. வந்த கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகி: கரேன் மக்கள் என்றாலே எனக்கு அகதி முகாம்கள்தான் நினைவுக்கு வருகின்றன. நீங்கள் உதவும் பெண்கள் அகதிகளா?

பெரும்பாலோர் அகதிகள் அல்லர். கரேன் மக்களில் ஒரு பெரும் பகுதியினர் மியன்மாரில் வாழ்கிறார்கள். ஆனால் தாய்லாந்தின் மேற்கு மலைகளிலும் அவர்கள் பல தலைமுறைகளாகக் குடியிருக்கிறார்கள்; அந்நாட்டின் மலைவாழ் மக்களில் எண்ணிக்கையில் பெரிய இனம் அவர்களே. எங்கள் பகுதியில் இருப்பவர்கள் மிகுதியும் ஸ்கா மொழி பேசுவோர். அவர்கள் தம்மைப் பகாகெஞோ என்று சொல்லிக்கொள்கிறார்கள். மனிதர் என்பது அதன் பொருள். நீங்கள் நினைக்கும் முகாம்கள் எல்லையோரம் ஒன்பது இருக்கின்றன. அவற்றில் பெரியதான மே லா, தாக் மாகாணத்தில் 1984இல் அமைந்தது.

இந்த இரு நிலைகளுக்கும் இடையில் மூன்றாவது நிலை ஒன்று உண்டு. தாய்லாந்து மண்ணில் பிறந்தும், பிறப்பைப் பதிவு செய்யாததாலோ பெற்றோர் எல்லை தாண்டி வந்தவர்கள் என்பதாலோ, குடியுரிமை இல்லாமல் வளர்ந்த பெண்கள் அவர்கள். ஆகவே உதவ விரும்பும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: அந்தப் பெண்ணின் பதின்மூன்று இலக்க அடையாள எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்கள். அது 0, 6, 7 ஆகியவற்றுள் ஒன்றாக இருந்தால் அவளுக்குத் தாய்லாந்துக் குடியுரிமை இல்லை. எண்ணே இல்லாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் 'ஜி' என்ற எழுத்தில் தொடங்கும் குறியீடு ஒன்றைக் கொடுத்திருக்கும். கல்வி உதவி எந்த வழியில் போக வேண்டும் என்பதை அந்த ஓர் இலக்கமே முடிவு செய்கிறது.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர்: ஒரு மாணவிக்கு எவ்வளவு செலவாகும்? அரசே கடன் கொடுப்பதாகக் கேள்விப்பட்டேனே.

எங்கள் மாணவியர் ராஜபட் எனப்படும் அரசுப் பல்கலைக்கழகங்களில் ஒரு பருவத்துக்குக் கட்டும் கட்டணம் பெரும்பாலும் தாய்லாந்து நாணயத்தில் பத்தாயிரம் பாத்தை ஒட்டியே வருகிறது. ஆண்டுக்கு இரண்டு பருவங்கள். அறை வாடகை, சாப்பாடு, சீருடை, புத்தகம், ஊருக்குப் போய்வரும் செலவு எல்லாம் சேர்ந்தால் கட்டணத்தைவிடப் பல மடங்காகிவிடும். "கட்டணத்தை மட்டும் நான் கட்டிவிடுகிறேன்" என்று சொல்லும் நல்ல உள்ளங்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

அரசின் மாணவர் கடன் நிதி 1996இலிருந்து இயங்குகிறது. 2023இல் சட்டத்தைத் திருத்தி, வட்டியை ஆண்டுக்கு 1 விழுக்காட்டுக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தினார்கள். பிணையாளர் வேண்டும் என்ற விதியையும் நீக்கினார்கள். மலையில் நெல் விளைவிக்கும் தகப்பனுக்குப் பிணையாளர் தேடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. அந்தச் சுமை இறங்கியது. ஆனால் இந்தக் கடன் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டுமே கிடைக்கும். 2005 ஜூலை 5 அன்று அமைச்சரவை எடுத்த முடிவின்படி, ஆவணம் இல்லாத பிள்ளையும் பள்ளியிலும் கல்லூரியிலும் சேரலாம். சேர உரிமை உண்டு, கடன் பெற உரிமை இல்லை என்ற இந்த இடைவெளியில்தான் எங்களைப் போன்ற தனியார் குழுக்களின் பணம் செல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதல் இலக்கத்தைப் பாருங்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

ஒரு கல்லூரி மாணவி: பெண்களுக்கு மட்டும் ஏன்? ஆண்பிள்ளைகளும் ஏழைகள்தானே?

ஏழைகள்தான். ஆனால் கரேன் குடும்ப அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்த்தால் பெண்களின் சிக்கல் வேறு என்பது தெரியும். திருமணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வது அவர்களின் மரபு. மூத்த மகள்கள் பின்னர் தனி வீடு கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கடைசி மகள் பெற்றோருடனேயே இருந்து அவர்களைப் பார்த்துக்கொள்வாள். பெரும்பாலும் வீடும் அவளுக்கே சேரும். மகளை மதிக்கும் மரபு இது. ஆயினும் படிக்க விரும்பும் கடைசி மகளுக்கு அதுவே தடையாகிறது. அண்ணன் நகரத்துக்குப் போனால் வீட்டில் ஒரு கை குறைகிறது. கடைசி மகள் போனாலோ, அந்த வீட்டின் முதுமைக்குத் துணை யார் என்ற கேள்வி எழுகிறது.

சோப் மோயில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். தூண்கள் மீது நிற்கும் மரவீடு. மணமாகாத பெண்கள் அணியும் நீண்ட வெள்ளை அங்கியில் அந்தப் பெண் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எங்கள் கேள்விகளுக்கெல்லாம் தகப்பனாரே பதில் சொன்னார். தாயார் இடுப்பில் வாரைக் கட்டி, சுவர்த்தூணில் பாவுநூலைப் பிணைத்து, நாங்கள் பேசிய ஒரு மணி நேரமும் நெய்துகொண்டே இருந்தார். நாங்கள் எழுந்தபோதுதான் கையை நிறுத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அங்கே இவளுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள்?" பணத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. எங்கள் குழுவில் ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு வழிகாட்டி உண்டு என்ற விதி அந்தக் கேள்விக்கு நாங்கள் கொடுத்த பதில். அந்தத் தாயாரிடம் என் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்; மூன்று முறை அழைத்திருக்கிறார்.

பெயர் வேண்டாம் என்ற வாசகர்: நான் உதவும் பெண்ணை நானே தேர்ந்தெடுக்கலாமா? படமும் குடும்பக் கதையும் அனுப்புவீர்களா?

தேர்வைக் குழுதான் செய்கிறது. படமும் குடும்பக் கதையும் அனுப்புவதில்லை. பதினெட்டு வயதுப் பெண் தன் வறுமையை முன்பின் தெரியாத ஒருவருக்கு எடுத்துக்காட்டித்தான் படிக்க வேண்டும் என்ற நிலை வரக்கூடாது. அவளது படிப்பின் முன்னேற்றத்தை ஆண்டுக்கு இருமுறை எழுதி அனுப்புவோம்.

மதுரையிலிருந்து ஓர் ஆசிரியை: பணமும் இடமும் கிடைத்த பின்னும் முதலாண்டிலேயே சிலர் படிப்பை விட்டுவிடுவதாக எழுதியிருந்தீர்கள். என்ன காரணம், அம்மா?

பெரும்பாலும் மொழிதான் காரணம், அம்மா. அதிலும் பாடமொழியைவிடப் பேச்சுமொழி. ஸ்கா மொழியில் சொற்கள் உயிரொலியில் முடியும். நம் 'மரம்', 'கால்', 'கண்' போல மெய்யொலியில் முடியும் சொற்கள் அதில் இல்லை. தாய்லாந்து மொழியிலோ அப்படி முடியும் சொற்கள் ஏராளம். பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் தாய்லாந்து மொழியிலேயே படித்த பெண்ணுக்கும் அவசரமாகப் பேசும்போது இறுதி மெய் நழுவிவிடும். தாய்லாந்து மொழியில் வீட்டுக்குப் 'பான்' என்று பெயர். அவள் வாயில் அது 'பா' என்று நின்றுவிடும். வகுப்பு சிரிக்கும். 'பேச்சு தெளிவாக இல்லை' என்பது கரேன் மக்கள்மீது நாடு முழுவதும் குத்தப்பட்ட முத்திரை. நகைச்சுவைக் காட்சிகளிலும் அதைப் பார்த்து வளர்ந்த வகுப்பு அது. முதல் வாரத்தில் ஒருமுறை சிரிப்புக்கு ஆளான பெண் அதன் பின் வாய் திறப்பதில்லை. புரியாததைக் கேட்பதில்லை. இடைத்தேர்வில் மதிப்பெண் குறைகிறது. தான் இந்த இடத்துக்கு உரியவள் அல்ல என்று அவளே முடிவு கட்டிக்கொள்கிறாள். மே சரியாங்கிலிருந்து, கல்லூரிகள் இருக்கும் சியாங் மாய் நகரம் ஏறத்தாழ 190 கிலோமீட்டர். மலைப்பாதையில் நான்கு மணி நேரத்துக்கும் மேலாகும் பேருந்துப் பயணம். அவளது கிராமம் அங்கிருந்தும் உள்ளே இருக்கிறது. மழைக்காலத்தில் பாதை சேறாகிவிடும். நினைத்தவுடன் வீட்டுக்குப் போய்த் தாயின் மடியில் படுத்துவிட்டு வர முடியாது.

ஆகவே முதலாண்டு மாணவியரை ஒரே விடுதியில் இரண்டிரண்டு பேராகத் தங்கவைக்கிறோம். மூன்றாம் ஆண்டுக் கரேன் மாணவி ஒருத்தியை அவர்களுக்கு அக்காவாக அமர்த்துகிறோம். வகுப்பில் பேச வேண்டிய ஐந்து நிமிட உரையை முந்தைய இரவு அக்காவின் முன் மூன்று முறை சொல்லிப் பார்ப்பார்கள். இதற்குச் செலவு எதுவுமில்லை. ஆனால் நாங்கள் செய்தவற்றுள் இதைவிடப் பயன் தந்தது வேறொன்றில்லை.

ஓய்வுபெற்ற ஒரு வங்கி அதிகாரி: நன்கொடை தருவதற்கு முன் ஒன்று சொல்கிறேன். படித்த பெண்கள் நகரத்திலேயே தங்கிவிட்டால் கிராமத்துக்கு என்ன பயன்? ஐந்தாண்டு சொந்த ஊரில் பணிபுரிவேன் என்று ஒப்பந்தம் எழுதி வாங்க வேண்டும்.

ஐயா, உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் இதை நான் ஏற்கவில்லை. தாய்லாந்தில் கல்விச் சமத்துவ நிதி என்ற அரசு அமைப்பு 2018இல் ஏற்பட்டது. தொலைதூரக் கிராமத்துப் பிள்ளைகளை ஆசிரியராகப் படிக்கவைத்துச் சொந்த ஊர்ப் பள்ளிக்கே அனுப்பும் திட்டம் ஒன்றை அது நடத்துகிறது. அங்கே நிபந்தனை உண்டு. கூடவே, படித்து முடித்ததும் அமர்வதற்கு ஒரு பணியிடமும் உண்டு. ஆசிரியராக விரும்பும் பெண்களை நாங்களே முதலில் அங்கே விண்ணப்பிக்கச் சொல்கிறோம். எங்களிடம் கொடுப்பதற்குப் பணியிடம் இல்லை. வேலையில்லாத ஊருக்குத் திரும்பி வா என்று எழுதி வாங்கினால், அது அவளை வயலுக்கே திருப்பி அனுப்புவதாகும்.

அதே வங்கி அதிகாரி: அப்படியானால் சமூகத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே தவறா? கரேன் மருத்துவர் சிந்தியா மாவ்ங் தம் மக்களுக்காகவே வாழ்கிறாரே.

அவர் பெயரைக் குறிப்பிட்டது நன்று. 1989இல் எல்லையோர நகரமான மே சோட்டில் மே தாவ் மருத்துவமனையைத் தொடங்கினார். 2002இல் மகசேசே விருது பெற்றார். அவரை எந்த ஒப்பந்தமும் அங்கே கொண்டுவந்து நிறுத்தவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எங்கள் பட்டறிவையும் சொல்கிறேன். தொடக்க ஆண்டுகளில் ஒரு முறை நாங்களும் அப்படி எழுதி வாங்கினோம். இருவர் கையெழுத்திட்டார்கள். ஒருத்திக்குப் படித்து முடித்ததும் சியாங் மாயில் கணக்காளர் வேலை கிடைத்தது. ஊரில் அத்தகைய வேலை இல்லை. வாக்குத் தவறிவிட்டோம் என்ற வெட்கத்தில் அவள் எங்கள் அழைப்புகளை எடுப்பதையே நிறுத்திவிட்டாள். இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொருவர் வழியாகத்தான் செய்தி தெரிந்தது. தம்பியின் விடுதிக் கட்டணத்தை அவள்தான் கட்டிவந்தாள். கிராமத்தில் அடையாள எண் இல்லாத பலருக்கு எந்தக் காகிதம் வேண்டும், வட்ட அலுவலகத்தில் எந்த நாளில் யாரைப் பார்க்க வேண்டும் என்று தொலைபேசியிலேயே சொல்லிக் கொடுத்து, படிவங்களையும் நிரப்பி அனுப்பிவந்தாள். ஊருக்கு அவள் செய்துகொண்டிருந்த உதவியை நாங்கள் எழுதிய நிபந்தனை எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டது. அந்தத் தாளை மறு ஆண்டே எடுத்துவிட்டோம்.

மலேசியாவிலிருந்து ஒரு செவிலி: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், அக்கா. நானே ஒப்பந்தத்தின் பேரில் படித்தவள்தான். எனக்கு வேலை நிச்சயம் என்ற நிம்மதியைத் தந்தது அந்த ஒப்பந்தம். ஐயா சொல்வதை முழுவதும் தள்ளிவிட முடியாது.

உங்கள் சொல்லே என் கருத்துக்கு வலுச்சேர்க்கிறது, தங்கையே. ஒப்பந்தத்தின் மறுபக்கத்தில் உங்களுக்கு ஒரு வேலை காத்திருந்தது. வேலையைத் தருபவர் நிபந்தனை வைப்பது முறைதான். வேலை தர இயலாத நாங்கள் அப்படி வைப்பது முறையல்ல.

வங்கி அதிகாரி, மூன்றாம் முறை: ஒப்பந்தம் வேண்டாம். வாய்ச்சொல்லாக ஒரு வாக்குறுதியாவது?

வேண்டாம், ஐயா. காகிதத்தில் எழுதியதை மீறுவதைவிட, பெரியவர்களிடம் வாயால் சொன்னதை மீறுவது இந்தப் பெண்களுக்கு இன்னும் கடினம். நீங்கள் தரும் பணத்துக்குக் கணக்கு கேளுங்கள், ரசீதோடு தருகிறேன். அவளது எதிர்காலத்துக்குக் கணக்கு கேட்காதீர்கள்.

ஒரு வாசகி: எனக்கு ஒரு படம் மட்டும் அனுப்ப முடியுமா? என் மகளுக்குக் காட்டுவதற்காகத்தான்.

முடியாது. காரணத்தை மேலே எழுதியிருக்கிறேன்.

சென்னையிலிருந்து ஒருவர்: என் அக்கா மகளுக்குச் சியாங் மாய் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை கிடைக்குமா?

இது என் துறை அன்று. அப்பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் பிரிவுக்கு எழுதுங்கள்.

பாங்காக்கில் பணிபுரியும் ஒருவர்: முகாமில் வளர்ந்த ஒரு பெண்ணைத் தெரியும். தாய்லாந்துப் பள்ளிச் சான்றிதழ் இல்லை. அவளுக்கு வழி உண்டா? குடியுரிமை எப்போதாவது கிடைக்குமா?

எல்லையோரத்தில் பலர் செல்லும் வழி ஜி.இ.டி. எனப்படும் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிச் சமநிலைத் தேர்வு. கணிதம், மொழி, அறிவியல், சமூக அறிவியல் என்று நான்கு தாள்கள். ஒவ்வொன்றிலும் 145 தேர்ச்சி மதிப்பெண். தாய்லாந்தில் ஆங்கிலவழிப் பட்டப்படிப்புகள் பல அதை ஏற்கின்றன. சேர விரும்பும் துறை கூடுதல் மதிப்பெண் கேட்கிறதா என்று முன்னதாகவே பாருங்கள். மியன்மார் மாணவர்களுக்கான உதவிக்கு 1989இல் தொடங்கிய பிராஸ்பெக்ட் பர்மாவையும், சியாங் மாயில் இயங்கும் சைல்ட்ஸ் டிரீம் அறக்கட்டளையையும் அணுகலாம்.

குடியுரிமையில் முகாமில் பதிவானவர்களின் நிலை தனி. அதை அறிந்த வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும். முகாமுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இரண்டு முடிவுகள் முக்கியமானவை. தாய்லாந்தில் பிறந்து அங்கேயே பட்டம் பெற்றவர்கள் விண்ணப்பிக்க 2016 டிசம்பர் 7 அமைச்சரவை முடிவு வழி திறந்தது. நெடுங்காலமாக வாழும் சுமார் 4,83,000 பேருக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் நடைமுறையைச் சுருக்கும் முடிவு 2024 அக்டோபர் 29 அன்று வந்தது. காகிதங்கள் முழுமையாக இருந்தால் மாதக்கணக்கில் ஆனதை 5 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது அது. காகிதங்கள் முழுமையாக இருப்பதுதான் கடினம். பிறப்புக்குச் சான்று சொல்லக் கிராமத் தலைவரும் பெரியவர்களும் உயிரோடிருக்கும்போதே கேட்டு வாங்கிவிட வேண்டும். பெயரையும் கவனியுங்கள். கரேன் மரபில் குடும்பப் பெயர் கிடையாது. 'நோ' என்பது பெண்ணைக் குறிக்கும் மரியாதைச் சொல். ஓர் ஆவணத்தில் அதைப் பெயரோடு சேர்த்தும் மற்றொன்றில் விட்டும் எழுதியிருந்தால், இரண்டும் ஒருவரல்ல என்று அலுவலகம் திருப்பி அனுப்பிவிடும். படிவத்தைத் தொடுவதற்கு முன் அடையாள எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்கள்.

வேறொருவர்: நான் உதவும் பெண்ணை நானே தேர்ந்தெடுக்கலாமா?

நான்காவது கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

அதே பாங்காக் வாசகரின் மனைவி: பணம் கொடுக்கும் நிலையில் நாங்கள் இல்லை. நான் வழிகாட்டியாக இருக்க முடியுமா? தாய்லாந்து மொழி நன்றாகப் பேசுவேன். கரேன் மொழி தெரியாது.

தாராளமாக இருக்கலாம். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மேல் அழையுங்கள். வெளியூர் மாணவியருக்கு வீட்டு நினைவு கூடும் நேரம் அது. சாப்பிட்டாயா என்று கேட்டுத் தொடங்குங்கள். நமக்குப் போலவே அவர்களுக்கும் நலம் கேட்பது அப்படித்தான். என்ன சாப்பிட்டாள் என்றும் கேளுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் 'மாமா' என்ற மலிவான உடனடி நூடுல்ஸ் என்றே சொன்னால் கையில் பணம் தீர்ந்துவிட்டது என்று பொருள், எனக்குத் தெரிவியுங்கள். முதல் மாதம் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்க வேண்டாம். பருவ விடுமுறையில் ஊருக்குப் போனால் அறுவடை வேலை இருக்கும். மலையில் தொலைபேசி எடுக்காது. அந்த நாட்களில் அவள் பேசவில்லையே என்று வருந்தாதீர்கள். திரும்பிவந்ததும் அவளே அழைப்பாள்.