எந்த வருஷத்து அலி?

அன்புள்ள ஐயா,

சத்துவாச்சாரியிலிருந்து எழுதுகிறேன். விடியற்காலையில் பளுதூக்கும் பயிற்சி, அதன்பிறகு ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. எங்கள் செட்டில் நாலைந்து பேருக்குக் குத்துச்சண்டைப் பைத்தியம் உண்டு. பயிற்சி முடிந்து சர்வீஸ் ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்தால் அலியா, டைசனா என்று ஆரம்பித்துவிடும். டீக்கடைக்கு வரும் பெரியவர் ஒருவர் 1980இல் மெட்ராஸ் நேரு ஸ்டேடியத்தில் அலியை நேரில் பார்த்தவர். அவரிடம் வேறு பெயரைச் சொல்லவே முடியாது. இன்னொரு நண்பன், "49 சண்டையில ஒண்ணுகூடத் தோக்காதவன் மார்சியானோ. தோத்தவனெல்லாம் எப்படிடா பெரிய ஆளு?" என்று கேட்கிறான்.

பளுதூக்குதலில் இந்தத் தகராறே இல்லையே என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் ஊர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் மொத்தம் 328 கிலோ தூக்கினார். 2018 கோல்டுகோஸ்டில் 317 கிலோ. இரண்டிலும் தங்கம்தான், ஆனால் எது பெரியது என்று யாரும் வாதாட வேண்டியதில்லை. குத்துச்சண்டையிலும் எல்லாப் புள்ளிவிவரத்தையும் கம்ப்யூட்டரில் போட்டால் விடை வந்துவிடாதா? அலியையும் மார்சியானோவையும் அப்படி மோதவிட்டு, மார்சியானோ ஜெயித்ததாகப் படித்தேன். அதை நம்பலாமா? அல்லது நாங்கள் பேசுவது மொத்தமும் வெட்டிப் பேச்சா? நீங்கள் பார்க்க ஆசைப்படும் மோதல் எது என்பதையும் எழுதுங்கள்.

பா.

அன்புள்ள பா.,

வெட்டிப் பேச்சு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இரண்டு பேரை மனதுக்குள் ரிங்கில் ஏற்றிப் பார்க்கும்போதுதான் ஒருவர் எப்போது கையைத் தாழ்த்துகிறார், இன்னொருவர் அடிக்குமுன் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதெல்லாம் கண்ணில் படும். குத்துச்சண்டையைக் கற்றுக்கொள்ள எனக்குத் தெரிந்த நல்ல வழி இது. ஆனால் உங்கள் டீக்கடையில் கேள்வியைப் பாதிதான் கேட்கிறீர்கள். எந்த வருஷத்து அலி? எந்த வருஷத்து டைசன்? எத்தனை ரவுண்டு? நடுவர் எப்படிப்பட்டவர்? இதையெல்லாம் முடிவு செய்யாமல் விடிய விடியப் பேசினாலும் முடிவு வராது.

முதலில் அந்தக் கம்ப்யூட்டர் சமாசாரம். மயாமியைச் சேர்ந்த முர்ரே வொரோனர் என்ற வானொலித் தயாரிப்பாளர் 1967இல் பல காலத்து ஹெவிவெயிட் (மிகக் கூடிய எடைப் பிரிவு) வீரர்கள் 16 பேரைக் கம்ப்யூட்டரில் மோதவிட்டு, அதை நேர்முக வர்ணனைபோல ஒலிபரப்பினார். இறுதிப் போட்டியில் ஜாக் டெம்ப்ஸியை வென்று மார்சியானோ பட்டம் பெற்றார். அலி காலிறுதியிலேயே ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றதாக முடிவு வந்தது. ராணுவத்தில் சேர மறுத்ததால் பட்டம் பறிபோய், ரிங்கில் ஏற முடியாமல் அலி தவித்துக்கொண்டிருந்த நேரம். ஆத்திரத்தில் 10 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அது சமரசத்தில் முடிந்து, 1969இல் அலியும் மார்சியானோவும் ஒரு ஸ்டுடியோவில் கேமராவுக்கு முன்னால் நின்றார்கள். மார்சியானோவுக்கு 45 வயது. ஓய்வு பெற்று 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. உடம்பை இளைக்கவைத்து, தலையில் விக் வைத்துக்கொண்டு வந்தார். ஒரு நிமிட ரவுண்டுகளாக எடுத்துத் தள்ளினார்கள். பலவிதமான முடிவுகளையும் படம்பிடித்து வைத்துக்கொண்டார்கள். எது திரைக்கு வரும் என்று இருவருக்குமே தெரியாது. 1970 ஜனவரி 20 அன்று படம் தியேட்டர்களில் ஓடியபோது மார்சியானோ உயிரோடு இல்லை. முந்தைய ஆகஸ்டு 31 அன்று விமான விபத்தில் இறந்துவிட்டார். அமெரிக்காவில் காட்டியதில் 13ஆவது ரவுண்டில் மார்சியானோவுக்கு நாக்அவுட் வெற்றி. ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் அலிக்கு வெற்றி. ஊருக்கு ஒரு முடிவு சொன்னதை எப்படி நம்புவது?

இன்றைய கம்ப்யூட்டர் அதைவிடப் பல மடங்கு கெட்டி. ஆனால் அதற்குத் தீனி வேண்டுமே. யார் எத்தனை பஞ்ச் விட்டார், எத்தனை பட்டது என்று ரிங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணும் முறை வந்ததே 1985 வாக்கில்தான். அதற்கு முந்தைய கணக்கு எதுவானாலும் பழைய படத்தை ஓட்டிப் பார்த்துப் பின்னால் எண்ணியது. படமே இல்லாதவர்களுக்கு அதுவும் கிடையாது.

இனி உங்கள் கிலோ கணக்கு. பளுக்கம்பி யோசிக்காது. நீங்கள் அசந்த நேரம் பார்த்து எடை கூட்டிக்கொள்ளாது. நம் பக்கத்தில் தை மாதம் எருது விடும் விழாவிலும் அப்படித்தான். ஒவ்வொரு காளையும் தனியாகத்தான் ஓடுகிறது, வினாடிக் கணக்கில் பரிசு. குடியாத்தத்தில் ஓடிய காளையையும் அணைக்கட்டில் ஓடிய காளையையும் நேரத்தை வைத்து ஒப்பிட்டுவிடலாம், ஒன்றை ஒன்று பார்த்தே இருக்க வேண்டியதில்லை. குத்துச்சண்டைக்காரனின் திறமையோ எதிரே நிற்பவனைப் பொறுத்து மாறுகிறது.

இதற்கு 1970களின் ஹெவிவெயிட் சரித்திரமே போதும். 1971 மார்ச்சில் ஜோ ஃப்ரேசியர் 15 ரவுண்டு ஆடி அலியைத் தோற்கடித்தார். 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் ஜார்ஜ் ஃபோர்மன் அதே ஃப்ரேசியரை இரண்டு ரவுண்டுக்குள் ஆறு முறை தரையில் தள்ளினார். அதே 1973இல் கென் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து ஜெயித்தார். அடுத்த ஆண்டு அந்த நார்ட்டனையும் ஃபோர்மன் இரண்டே ரவுண்டில் முடித்தார். பளுதூக்கும் கணக்குப்படி, ஃபோர்மன் முன்னால் அலி நிற்கவே கூடாது. 1974 அக்டோபர் 30, கின்ஷாசா. எட்டாவது ரவுண்டில் ஃபோர்மன் தரையில் கிடந்தார். அலிக்கு ஃப்ரேசியரிடமும் நார்ட்டனிடமும் இருந்த தொல்லை அவர்கள் பாணியில் இருந்தது. ஃப்ரேசியர் குனிந்து குனிந்து உள்ளே நுழைவார். நார்ட்டன் அலியின் ஜாபுக்கு (முன்னால் நிற்கும் கையால் நேராக விடும் குத்து) சரியாகத் தன் ஜாபை விடுவார். ஃபோர்மன் அகலமாக வீசுவார். கயிற்றில் சாய்ந்து கையால் மூடிக்கொண்டால் அந்த வீச்சு முழங்கையிலும் தோளிலும் பட்டு வீணாகும் என்று அலி கண்டுகொண்டார். ஃப்ரேசியரிடம் அதே வித்தையைக் காட்டியிருந்தால் விலா எலும்பு மிஞ்சியிருக்காது.

அடுத்து ரவுண்டு. இதைப் பற்றி உங்கள் நண்பருக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மான்சினியுடன் 14ஆவது ரவுண்டு வரை ஆடி விழுந்த தென்கொரியாவின் கிம் டுக் கூ சில நாளில் இறந்துபோனார். அதையடுத்து, 15 ரவுண்டாக இருந்த உலகப் பட்டச் சண்டைகள் 1980களுக்குள் 12 ரவுண்டாகக் குறைந்தன. நல்ல முடிவு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த அளவுகோலைப் பின்னோக்கி வைத்துப் பாருங்கள். 1952 செப்டம்பர், ஃபிலடெல்ஃபியா. ஜெர்சி ஜோ வால்காட்டிடமிருந்து மார்சியானோ பட்டத்தைப் பறித்த சண்டை. முதல் ரவுண்டிலேயே மார்சியானோ கீழே விழுந்தார். 12 ரவுண்டு முடிந்தபோது புள்ளி போடும் மூன்று அட்டைகளிலும் வால்காட்தான் முன்னால். 13ஆவது ரவுண்டில் வால்காட் கயிற்றோரம் போய் நின்ற ஒரு கணத்தில் மார்சியானோவின் வலது கை குறுக்காக, ஓரடி தூரம்கூட வீசாமல், தாடையில் இறங்கியது. வால்காட்டின் ஒரு கை கயிற்றில் மாட்டிக்கொள்ள, முழங்கால் மடிந்து அப்படியே சரிந்தார். இன்றைய விதிப்படி அந்த ரவுண்டே கிடையாது. 49க்கு 49 என்பது அந்த ஒரு குத்தில் தொங்குகிறது.

1941இல் ஜோ லூயிஸ் பில்லி கானை நாக்அவுட் செய்ததும் 13ஆவது ரவுண்டில்தான். அதுவரை கான் இரண்டு அட்டைகளில் முன்னால் இருந்தார், மூன்றாவது சமம். 1981இல் ஷுகர் ரே லெனார்ட் தாமஸ் ஹேர்ன்ஸை 14ஆவது ரவுண்டில் நிறுத்தியபோது மூன்று அட்டையும் ஹேர்ன்ஸ் பக்கம். அதே இரண்டு பேர், அதே இரவு. விதியை மாற்றினால் ஜெயித்தவர் மாறிவிடுகிறார். வேறு வேறு காலத்து ஆட்களை மோதவிடும்போது விதியை யார் பக்கத்திலிருந்து எடுப்பது என்பதை முதலில் பேசி முடிக்கச் சொல்வது இதனால்தான். கையுறையும் இதில் சேரும். தோல் தொழிலில் இருக்கும் உங்களுக்கு இது சட்டென்று புரியும். குதிரைமுடி அடைத்த கையுறையில் முடி விலகி விரல் முட்டி வெளியே தெரியும், நுரை அடைத்ததில் அந்த அளவுக்கு வராது.

பெரியவருக்கு வருகிறேன். அவர் பார்த்தது பெரிய பாக்கியம். எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்தபோது அலி மெட்ராஸ் வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். ஆனால் அந்த ஆண்டு அலிக்கு 38 வயது. அதே 1980 அக்டோபரில் லாரி ஹோம்ஸிடம் ஒரு ரவுண்டைக்கூடக் கைப்பற்ற முடியாமல், பத்தாவது ரவுண்டோடு அவருடைய கார்னரே, அதாவது பயிற்சியாளர் தரப்பே, சண்டையை நிறுத்தியது. பெரியவர் வாதாடுவது அந்த அலிக்காக இருக்காது. 1966 நவம்பர் 14, ஹூஸ்டனில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்று ரவுண்டில் முடித்த அலியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வயது 24, எடை சுமார் 96 கிலோ, காலில் முழு வேகம். அன்றைக்கு மைக் டைசன் ஐந்து மாதம்கூட நிரம்பாத கைக்குழந்தை.

டைசன் பக்கத்தில் 1988 ஜூன் 27, அட்லாண்டிக் சிட்டி. மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 வினாடியில் வீழ்த்திய இரவு. இந்த இருவரையும் நான் மோதவிடுகிறேன்.

முதல் நான்கு ரவுண்டு அலிக்கு ஆபத்தான நேரம். கையை இடுப்பளவுக்குத் தாழ்த்தி, தலையை நேராகப் பின்னால் இழுத்து அடியிலிருந்து தப்புவது அலியின் வழக்கம். இடது ஹூக் (கையை வளைத்துப் பக்கவாட்டில் விடும் குத்து) நன்றாக வருபவர்களிடம் அது பலிக்காது. 1963இல் ஹென்றி கூப்பர், 1971இல் ஃப்ரேசியர், இருவரும் அவரைத் தள்ளியது இடது ஹூக்கில். டைசனின் இடது ஹூக் அவர்கள் இருவரையும்விட வேகம். எனவே அலி ஒரு முறையாவது விழுவார் என்றே நினைக்கிறேன். ஆனால் 1964இல் சன்னி லிஸ்டனிடம் செய்ததுபோல தன் இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே எதிராளியின் இடது கைக்கு எட்டாமல் நகர்வது அலிக்குக் கைவந்த கலை. டைசனின் கை எட்டும் தூரம் 71 அங்குலம், அலிக்கு 78. டைசன் உள்ளே வந்தே ஆக வேண்டும். வந்தவுடன் அலி என்ன செய்வார் என்பதற்கு 1974 ஜனவரியில் ஃப்ரேசியருடன் நடந்த இரண்டாவது சண்டையைப் பாருங்கள். குனிந்து வரும் ஃப்ரேசியரின் பிடரியில் இடது கையைப் போட்டுக் கீழே அழுத்தி, வலது கையால் அவர் கையைச் சிறைபிடித்துவிடுவார். மறுபடி மறுபடி. நடுவர் புள்ளி குறைக்கவில்லை. டைசனோடு பத்து, பன்னிரண்டு ரவுண்டு தாக்குப்பிடித்த ஜேம்ஸ் டில்லிஸும் டோனி டக்கரும் அலியின் பக்கத்தில் நிற்கக்கூடியவர்கள் இல்லை. நகர்வதும் பிடிப்பதுமாகவே சமாளித்தார்கள். ஐந்தாறு ரவுண்டு தாண்டினால் டைசனின் அடுக்கடுக்கான குத்துகள் ஒற்றைக் குத்தாக இளைத்துவிடும்.

15 ரவுண்டு, பிடிப்பதைக் கண்டுகொள்ளாத நடுவர் என்றால் 12ஆவது ரவுண்டுக்குள் அலி நிறுத்துவார். 12 ரவுண்டு, பிடித்தவுடன் பிரித்துவிடும் நடுவர் என்றால் புள்ளிக் கணக்கில் மயிரிழையில் அலி. 1976இலோ அதற்குப் பிறகோ இருந்த அலி என்றால் எந்த விதியானாலும் டைசன்தான், மூன்றாவது ரவுண்டைத் தாண்டாது. பெரியவருக்கு இது பிடிக்காது, ஆனாலும் சொல்லிவிடுங்கள்.

மார்சியானோவையும் 1966 அலியையும் பொறுத்தவரை எனக்குத் தயக்கமே இல்லை. மார்சியானோ 85 கிலோ, முகத்தோல் சீக்கிரம் கிழியும். கடைசி வரை முன்னேறிக்கொண்டே இருப்பார், ரத்தம் பார்த்து நடுவர் நிறுத்துவார்.

என் ஆசையைக் கேட்டிருந்தீர்கள். ஹாரி கிரெப் என்று ஒருவர். பிட்ஸ்பர்க்காரர், மிடில்வெயிட் (நடுத்தர எடைப் பிரிவு), 300 சண்டைக்குப் பக்கம் ஆடியவர். அதில் பல ஆண்டுகள் ஒரு கண்ணில் பார்வையில்லாமல், அதை வெளியே சொல்லாமலே ஆடினார். 1922 மே 23 அன்று நியூயார்க்கில், தன்னைவிட எடை கூடிய ஜீன் டன்னியை முதல் ரவுண்டிலேயே மூக்கை உடைத்து 15 ரவுண்டும் துவைத்தெடுத்தார். பின்னாளில் டெம்ப்ஸியை இரண்டு முறை வென்ற டன்னி, வாழ்நாளில் தோற்ற ஒரே சண்டை அது. கிரெப் பயிற்சி செய்யும் சில காட்சிகள் கிடைக்கின்றன. அவர் நிஜமாகச் சண்டை போட்ட ஒரு ரவுண்டின் படம்கூட இதுவரை கிடைக்கவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், எப்படி அவ்வளவு பெரிய ஆளைத் திணறடித்தார் என்பதைப் பத்திரிகைக்காரர்கள் எழுதியதை வைத்துத்தான் யூகிக்க வேண்டியிருக்கிறது. அலி–டைசன் 15 ரவுண்டையும் கொடுத்துவிட்டு அந்தச் சண்டையில் மூன்று நிமிடம் கிடைக்கும் என்றால், நான் அதைத்தான் வாங்கிக்கொள்வேன்.

அன்புடன்.