ஆபீஸ்ல டீம் டீமா வாக்கிங் சேலஞ்ச் வைக்கிறாங்க, எனக்கு சுகர் இருக்கு, சேரலாமா? பலன் இருக்குமா?

தாராளமா சேருங்க. ஆனா முதல் நாளே பத்தாயிரம் ஸ்டெப்னு கிளம்பிடாதீங்க, நான் கிளம்பி பட்டிருக்கேன்.

கோயம்புத்தூர்ல அக்கவுண்ட்ஸ் வேலைங்க எனக்கு, வயசு 47. காலைல ஸ்கூட்டர், பகல் பூரா சேர், ராத்திரி சோபா. போன வருஷம் எச்பிஏ1சி 7.4னு வந்துச்சு (அது ரத்தத்துல இருக்கற சர்க்கரையோட கிட்டத்தட்ட மூணு மாச சராசரி, டெஸ்டுக்கு முந்தின நாள் பட்டினி கிடந்தாலும் ஏமாத்த முடியாது, நான் கிடந்து பாத்திருக்கேன்). அந்த நேரம் பாத்து ஆபீஸ்ல எட்டு வாரம் சேலஞ்ச், அஞ்சு பேர் ஒரு டீம், டீம் சராசரிதான் கணக்குன்னு சொல்லிட்டாங்க.

முதல் நாள் ரேஸ்கோர்ஸ் வாக்கிங் பாதைல நாலு ரவுண்டு போட்டேன். ஒரு ரவுண்டு ரெண்டரை கிலோமீட்டர், அதையும் ரப்பர் செருப்புல நடந்தேன், குரூப்ல எல்லாரும் கைதட்டி எமோஜி போட்டாங்க, அந்த போதைல மறுநாளும் நாலு. மூணாவது நாள் காலைல கட்டில்ல இருந்து கால கீழ வச்சா குதிகால்ல ஆணி இறங்கின மாதிரி வலி. பத்து நாள் ரெஸ்ட்டுன்னுட்டாரு டாக்டரு. நான் சைபர் ஸ்டெப், டீம் சராசரி பாதாளத்துல.

படுத்துக்கிட்டு படிச்சப்பதான் தெரிஞ்சுது, அந்த பத்தாயிரம் ஒண்ணும் டாக்டருங்க கணக்குப் போட்டு சொன்னது இல்லயாம். டோக்கியோ ஒலிம்பிக் முடிஞ்ச சூட்டோட 1965ல ஜப்பான்ல ஒரு கம்பெனி இடுப்புல மாட்டுற ஸ்டெப் மீட்டர் வித்துருக்கு, பேரு மான்போ-கேய், பத்தாயிரம் அடி மீட்டர்னு அர்த்தம். வியாபாரத்துக்கு வச்ச பேருதான் உலகம் பூரா டார்கெட் ஆயிருக்கு! 2019ல அமெரிக்கால வயசான பெண்கள வச்சு பண்ண ஆய்வுல, தினம் 2,700 ஸ்டெப் நடந்தவங்கள விட 4,400 நடந்தவங்களுக்கே இறப்பு கம்மியா இருந்துச்சு, 7,500 தாண்டினா கூடுதலா பெருசா ஒண்ணும் இல்ல.

எங்க டீம்ல ஸ்டோர்ஸ் அண்ணன் ஒருத்தர், அடுத்த வருஷம் ரிட்டயர்டு. "ஏனுங்க தம்பி, தெனம் எவ்வளவு நடக்கறீங்களோ அதுமேல கொஞ்சம் போட்டுக்கங்க, சாப்ட்டதும் ஒக்காராம பத்து நிமிஷம் நடங்க, போதும்"னாரு. போன்ல பழைய கணக்கு பாத்தா என்னோடது 3,200தான், வெக்கமா போச்சு. அதுல இருந்து வாரம் ஐநூறு ஐநூறா ஏத்தினேன். சாப்பிட்ட உடனே நடந்தா ரத்தத்துல ஏர்ற சர்க்கரைய தசை இழுத்துக்குது, மீட்டர்ல நானே குத்திப் பாத்தேன், நடந்த ராத்திரிக்கும் நடக்காத ராத்திரிக்கும் வித்தியாசம் நல்லாவே தெரிஞ்சுது.

டீமால எனக்கு கிடைச்சது ஒண்ணே ஒண்ணுதாங்க. காலைல அஞ்சே முக்காலுக்கு "கேட் கிட்ட நிக்கறேனுங்க"ன்னு அண்ணன் மெசேஜ் போட்டுருவாரு, வயசான மனுஷன் நிக்கறாரேன்னு எந்திரிச்சுதான் ஆகணும். தனியா போயிருந்தா ரெண்டாவது மழைக்கே விட்டிருப்பேன். மத்தபடி லீடர்போர்டு பக்கம் போகாதீங்க, எதிர் டீம்ல ஒருத்தன் போனை குழந்தை ஊஞ்சல்ல கட்டி ஆட்டி விட்டு 22,000 காட்டினான். நாங்க மட்டும் யோக்கியமா, நடந்து முடிச்சு அருகம்புல் ஜூஸ் குடிச்ச கையோட போண்டா கடைல நின்னவங்கதான்.

மூணு மாசம் கழிச்சு எனக்கு எச்பிஏ1சி 6.8. முழுசா நடைக்கே கிரெடிட் குடுக்க மாட்டேன், ராத்திரி சோறையும் பாதியாக்கினேன், மாத்திரையும் நிறுத்தல. நீங்களும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க, இன்சுலின் போடறவங்கன்னா பாக்கெட்ல ரெண்டு மிட்டாய் கட்டாயம் வேணும், நடக்கறப்ப சட்டுன்னு சுகர் லோ ஆயிடலாம். அப்புறம் பேர் குடுக்கறதுக்கு முன்னாடி நல்ல ஷூ ஒண்ணு வாங்கிடுங்க, என் குதிகால் இன்னமும் மழை நாள்ல முணுமுணுங்குது.