போதையை ஆராய்வது பொம்பிளைப் பிள்ளைக்கு ஏற்ற வேலையா?

கேள்வி: வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். புதிதாக வரும் போதைப்பொருட்கள், போன் கேம், ஒன்லைன் சூது ஆகியவற்றை ஆராய்ந்து விரிவுரையாளராக வர ஆசை. “பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இந்த வேலை, ஊர் என்ன சொல்லும்?” என்கிறார் அம்மா. இதில் எதிர்காலம் இருக்கிறதா?
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: இருக்கிறது தங்கச்சி, அதுவும் நம்முடைய பக்கத்தில் நிறையவே இருக்கிறது.

ஒருமுறை கல்லடியில் ஒரு தாய், மகனின் காற்சட்டைப் பைக்குள் கிடந்த குளிசைப் பட்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்து என் மேசையில் அவிழ்த்து வைத்தார். “இது தடிமன் குளிசையா மகள்?” என்று கேட்டார். பார்த்தால் பிரீகபலின். வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் டொக்டர் எழுதிக் கொடுக்கிற மருந்து, அதைத்தான் பிள்ளை போதைக்குப் போட்டிருக்கிறான். புதிய போதை என்றால் ஐஸ் (மெத்தம்பெட்டமின்) மட்டும்தான் என்று நினைக்கிறோம், ஆனால் பழைய மருந்தே புது வழியில் பாவனைக்கு வரும், சட்டம் தடைசெய்த பொருளின் வேதி அமைப்பைச் சற்று மாற்றிச் சட்டத்துக்குத் தப்பவும் செய்வார்கள். அப்படியான புதுப் பொருட்கள் 1000க்கு மேல் ஐ.நா.வின் போதைப்பொருள் அலுவலகத்தில் பதிவாகியிருக்கின்றன.

பழக்கங்களின் கதை வேறு. அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் நோய் வகைப்பாட்டு நூலில் சூதாட்டத்தைப் போதைப்பொருள் அடிமைத்தனத்தோடு ஒரே அத்தியாயத்தில் வைத்தது 2013இல்தான். கேம் அடிமைத்தனம் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்காக லீவு முழுக்க கேம் விளையாடுகிற பிள்ளையை நோயாளி ஆக்கிவிடக் கூடாது. நிறுத்த முடியாமல், படிப்பு சாப்பாடு எல்லாம் பின்னுக்குப் போய், கெடுதி தெரிந்தும் தொடர்ந்து, பொதுவாக 12 மாதமாவது அப்படியே இருந்தால்தான் அந்தப் பெயர்.

விரிவுரையாளர் பதவிக்கு வகுப்புச் சித்தி முக்கியம், மறுகா எம்.பில் அல்லது பிஎச்.டி. புள்ளிவிபரவியலை இப்பவே ஒழுங்காகப் படியுங்கள். ஆராய்ச்சியால் ஆட்களுக்குக் கெடுதி வராதா என்று பார்க்கிற ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒருவரிடமும் கேள்விக்கொத்தை நீட்டாதீர்கள், உங்களிடம் ஒரு பையன் சொன்னது அவனுடைய பொலிஸ் பிரச்சினையாக மாறிவிடக் கூடாது.

வெளிநாடுகளில் நகரத்துக் கழிவுநீரைப் பரிசோதித்தே எந்தப் போதை எவ்வளவு பாவனையில் இருக்கிறது என்று கணிக்கிறார்கள். வீட்டுக்கு வீடு மலக்குழி இருக்கிற நம்முடைய ஊர்களில் அது சரிவராது, ஆட்களோடு இருந்து கதைத்துத்தான் அறிய வேண்டும். அங்கேதான் உங்கள் பலம். ஆங்கிலக் கேள்விக்கொத்தை மொழிபெயர்த்து ‘போதைக்கு ஏக்கம் உண்டா’ என்று கேட்டால் பையன் இல்லை என்பான், “மண்டை காயுதா?” என்று கேட்டுப் பாருங்கள், வாய் திறப்பான்.

அம்மாவோடு கோபிக்க வேண்டாம். கல்லடித் தாயும் ஊர் என்ன சொல்லும் என்று பயந்தே அந்தப் பட்டையை இரண்டு மாதம் அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருந்தவர். கதைக்க ஒரு பொம்பிளை இருக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் வந்தாராம். இதை அம்மாவிடம் சொல்லுங்கள்.